ஆடி போய் ஆவணி வந்தால்: பெல் 525 ஹெலிகாப்டரின் சான்றிதழ் கதை

2012 பிப்ரவரியில் டல்லாஸில் நடந்த ஹெலி-எக்ஸ்போ கண்காட்சியில் அமெரிக்க ஹெலிகாப்டர் நிறுவனமான பெல் ஒரு முழு அளவு மாதிரியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் 525 ரிலென்ட்லெஸ். இரண்டு எஞ்சின், ஐந்து இறக்கை ரோட்டர், 9 டன்னைத் தாண்டும் எடை, கிட்டத்தட்ட 20 பேருக்கு இடம். கடலில் இருக்கும் எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் அதற்கு நினைத்திருந்த முதல் வேலை. வணிக ஹெலிகாப்டர்களில் முதன்முறையாக ஃப்ளை-பை-வயர் என்பதுதான் பெரிய செய்தி. விமானியின் கைப்பிடிக்கும் ரோட்டருக்கும் இடையே நெம்புகோல், தண்டு எதுவும் கிடையாது. கை என்ன கேட்கிறது என்பதைக் கணினி படித்து, கணினிதான் ரோட்டருக்குச் சொல்லும்.

2024 முடிந்தபோதும் அந்த ஹெலிகாப்டருக்கு வகைச் சான்றிதழ், அதாவது இந்த வடிவமைப்பு பறக்கத் தகுதியானது என்ற அரசு ஒப்புதல், கிடைத்திருக்கவில்லை. நடுவில் அடுத்த ஆண்டு வந்துவிடும், அடுத்த ஆண்டு வந்துவிடும் என்று எத்தனை முறை சொன்னார்கள் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். 2016 வாக்கில் சொன்ன ஆண்டு 2017. அதன்பின் 2019 என்றார்கள், 2020 என்றார்கள், 2021 என்றார்கள். ஆடி போய் ஆவணி வரும் கதைதான்.

525 மேல் இருந்த சந்தேகத்தில் இரண்டு சந்தேகங்கள் கலந்து கிடந்தன. சொன்ன தேதிக்கு வராது என்பது ஒன்று. இந்த வடிவமைப்பே தேறாது, ஃப்ளை-பை-வயரை ஹெலிகாப்டரில் வைத்துச் சான்று வாங்கவே முடியாது என்பது இன்னொன்று. முதலாவதைச் சொன்னவர்கள் முழுக்கச் சரி. இரண்டாவதைச் சொன்னவர்கள் கை காட்டிய இடம் வேறு, கோளாறு இருந்த இடம் வேறு. இந்த ஆய்வு பெரும்பாலும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது

பெல்லின் பழைய கணக்கு ஒன்று இருந்தது. ஹெலிகாப்டர் போல எழும்பி, ரோட்டரை முன்னால் சாய்த்து விமானம் போலப் பறக்கும் சாய்-ரோட்டர் வகையைச் சேர்ந்த 609 திட்டம் 1990-களின் பிற்பாதியில் பெல்லின் கையில்தான் தொடங்கியது. முதலில் போயிங் பங்காளி, 1998-இல் இத்தாலியின் அகுஸ்தா உள்ளே வந்தது. 2003 மார்ச்சில் முதல் பறப்பு. 2011-இல் பெல் தன் பங்கை விட்டு விலகி, முழுத் திட்டமும் இத்தாலியர் கைக்குப் போனது. 2015 அக்டோபரில் ஒரு சோதனை விமானம் வட இத்தாலியில் விழுந்து இரண்டு விமானிகள் இறந்தார்கள். அதுவும் 2024 வரை சான்றிதழ் பெறாத வண்டிதான். புதிய வகை ஒன்றுக்குச் சான்று வாங்குவது எவ்வளவு நீளும் என்பதைப் பெல் அளவுக்கு அனுபவித்தவர்கள் குறைவு. அப்படிப்பட்ட நிறுவனம் 609-ஐக் கைமாற்றிவிட்ட அடுத்த ஆண்டே இன்னொரு 'முதன்முறை'யோடு மேடை ஏறினால், கேட்பவர்கள் புருவத்தை உயர்த்தாமல் என்ன செய்வார்கள்?

போட்டியாளர்களைப் பார்த்தால் ஒப்பீடு இன்னும் கூர்மையாகத் தெரியும். அகுஸ்தாவெஸ்ட்லேண்டின் ஏடபிள்யூ189 முதலில் பறந்தது 2011 டிசம்பரில். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் சான்று 2014 பிப்ரவரியில். ஏர்பஸ்ஸின் இசி175 அதற்கு ஒரு மாதம் முன்பு, 2014 ஜனவரியில். இரண்டும் 525-ஐவிடச் சிறியவை, ஆனால் அதே எண்ணெய் மேடைச் சந்தையைக் குறிவைத்தவை. இரண்டிலும் கட்டுப்பாட்டு இணைப்பு பழைய முறைதான். 525-இன் முதல் பறப்பே 2015 ஜூலை 1 அன்றுதான், டெக்சஸின் அமரில்லோவில். போட்டியாளர்கள் சான்றோடு கடையில் நிற்கும்போது பெல் அப்போதுதான் அடுப்பு மூட்டியது.

அப்புறம் விதிமுறை. அமெரிக்காவில் இந்த அளவு ஹெலிகாப்டர்கள் பகுதி 29 என்ற விதித்தொகுப்பின் கீழ் வருகின்றன. அதை எழுதியவர்கள் மனதில் இருந்தது நெம்புகோலும் தண்டும் வைத்த ஹெலிகாப்டர். ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். பழைய வகையில் விமானியின் கைப்பிடி எங்கே நிற்கிறதோ, ரோட்டரின் கட்டுப்பாடும் அங்கே நிற்கும். பிடி ஓரத்தில் போய் முட்டினால், இனி மிச்சம் இல்லை என்று கைக்கே தெரிந்துவிடும். 525-இல் பக்கவாட்டில் சின்னக் கைப்பிடி. விட்டால் நடுவுக்குத் திரும்பிவிடும். கணினி உள்ளுக்குள் ரோட்டரை எல்லை வரை தள்ளியிருக்கலாம், கைப்பிடியோ சாதுவாக நடுவில் நிற்கும். மிச்சம் எவ்வளவு என்று விமானிக்கு யார் சொல்வது? இந்தக் கேள்விக்குப் பகுதி 29-இல் நேரடிப் பதில் கிடையாது.

இப்படி விதி மௌனமாக இருக்கும் இடங்களுக்காகத்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 'சிறப்பு நிபந்தனைகள்' என்று தனியாக எழுதி, அரசிதழில் வெளியிட்டு, கருத்துக் கேட்டு, இறுதி செய்கிறது. 525-க்கும் அப்படி எழுதப்பட்டன. கட்டுப்பாட்டுக் கணினி பழுதானால் அது இறக்கைக்கும் உடலுக்கும் தரும் சுமை எவ்வளவு, அதைச் சட்டகம் தாங்குமா என்பது அவற்றில் முக்கியமான ஒன்று. நிறுவனம் தேர்வு எழுத உட்கார்ந்திருக்கும்போதே வினாத்தாள் தயாராகிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் யார் மேலும் பழி இல்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டே ஐந்து ஆண்டில் முடிப்போம் என்ற தொனியில் பேசியதில் பழி உண்டு.

ஐந்து ஆண்டு என்று நான் சும்மா சொல்லவில்லை. பெல் விண்ணப்பித்தது 2011 டிசம்பரில். பெரிய ஹெலிகாப்டருக்கான விண்ணப்பம் ஐந்து ஆண்டுதான் செல்லும். அதற்குள் முடியாவிட்டால் நீட்டிப்பு கேட்கலாம், புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். எப்படிப் போனாலும் பழைய தேதியின் விதிகளோடு நின்றுவிட முடியாது. பின்னால் வந்த திருத்தங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதாவது தாமதமே புதிய வேலையை உண்டாக்கும்.

2016 ஜூலை 6

முதல் பறப்பு நடந்து ஓராண்டும் சில நாட்களும் ஆகியிருந்தன. முதல் சோதனை ஹெலிகாப்டர், பதிவெண் என்525டிஏ, காலையில் டெக்சஸின் ஆர்லிங்டனிலிருந்து கிளம்பியது. உள்ளே இரண்டு சோதனை விமானிகள். பக்கத்தில் துணைக்கு ஒரு பெல் 429. ஹெலிகாப்டரின் ஒவ்வொரு அதிர்வும் வானொலி வழியே தரையில் இருந்த பொறியாளர்களின் திரைக்கு வந்துகொண்டிருந்தது.

அன்றைய வேலை, இரண்டு எஞ்சினில் ஒன்று போனால் என்ன ஆகும் என்று பார்ப்பது. எந்த வேகத்தில் ஓர் எஞ்சின் நின்றாலும் கட்டுப்பாடு கைவிட்டுப் போகக் கூடாது என்பது விதி. அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு: நேர்ப் பறப்பில் எஞ்சின் நின்ற மறுகணமே விமானி சுதாரித்தார் என்று கணக்குக் காட்ட முடியாது, குறைந்தது ஒரு நொடி தாமதத்தைச் சேர்த்துக் காட்ட வேண்டும். சாதாரண விமானி சாதாரண நாளில் எப்படி இருப்பாரோ அப்படி. நியாயமான விதி.

உண்மையில் எஞ்சினை அணைப்பதில்லை. ஒரு விசேஷ மென்பொருள் நிலை இருந்தது. அதைப் போட்டால் இரண்டு எஞ்சினும் ஓடும், ஆனால் இரண்டும் சேர்ந்து ஓர் எஞ்சினின் சக்தியை மட்டுமே தரும். சக்தி திடீரென்று குறைந்ததும் ரோட்டரின் சுழற்சி தளரும். விமானி இடது கையில் இருக்கும் கலெக்டிவ் பிடியை இறக்கி, இறக்கைகளின் கோணத்தைக் குறைத்து, சுமையை இறக்க வேண்டும். சுழற்சி மீளும். இதையே குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசியாக 185 நாட், மணிக்கு ஏறத்தாழ 343 கிலோமீட்டர். தாண்டவே கூடாத வேகம் என்று வகுத்திருந்த எல்லை அது.

மணி 11:48 வாக்கில் மென்பொருள் நிலையைப் போட்டார்கள். ரோட்டரின் சுழற்சி இயல்பான அளவின் 91 விழுக்காட்டுக்கு இறங்கியது. விமானி கலெக்டிவை இறக்கினார். ஆனால் முந்தைய ஓட்டங்களைப் போலச் சுழற்சி முழுதாக மீளவில்லை. 92 விழுக்காட்டில் சில நொடிகள் அப்படியே நின்றது. அந்தச் சில நொடிகளில்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

அந்தத் தளர்ந்த சுழற்சியில் இறக்கைகள் தங்கள் தளத்துக்குள்ளேயே கத்தரிக்கோல் போல விலகியும் நெருங்கியும் ஆட ஆரம்பித்தன. அந்த ஆட்டம் உடலுக்கு இறங்கி, முழு ஹெலிகாப்டரும் நொடிக்கு ஆறு முறை மேலும் கீழும் குலுங்கியது. குலுக்கலில் விமானியின் இடது தோளும் முழங்கையும் குலுங்கின. கையில் இருந்த கலெக்டிவும் சேர்ந்து ஏறி இறங்கியது. பழைய வகை ஹெலிகாப்டராக இருந்தால் தண்டுகளின் உராய்வும் எடையும் இதில் ஒரு பங்கை விழுங்கியிருக்கும். இங்கே கணினிக்கு அது விமானியின் கட்டளை. ஏற்று என்கிறார், ஏற்றியது. இறக்கு என்கிறார், இறக்கியது, நொடிக்கு ஆறு முறை. ஒவ்வொரு ஏற்றமும் குலுக்கலைக் கூட்டியது. இன்னொரு பக்கம், ஹெலிகாப்டரின் சாய்வையும் திசையையும் அளக்கும் உணரிகளும் இந்தக் குலுக்கலை உண்மையான அசைவு என்று எடுத்துக்கொண்டன. அதைச் சரிசெய்யக் கணினி ரோட்டருக்கு அனுப்பிய கட்டளைகளும் குலுக்கலுக்கே தீனி போட்டன. அதிர்வு தன்னைத்தானே வளர்த்துக்கொண்டது.

சுழற்சி 80 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. மெதுவாகச் சுழலும் இறக்கைகளுக்கு விறைப்பு போய்விடும். அளவு மீறி மேலும் கீழும் அடித்துக்கொள்ளும். ஓர் இறக்கை வால் தண்டில் மோதியது. ஹெலிகாப்டர் காற்றிலேயே உடைந்து, இத்தாலி என்ற டெக்சஸ் சிற்றூர் அருகே விழுந்தது. இருவரும் இறந்தார்கள்.

விசாரணை சொன்னது

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி 2018 ஜனவரியில் முடிவைச் சொன்னது. கடுமையான அதிர்வில் விமானிகளால் சுழற்சியைக் காப்பாற்ற முடியவில்லை என்பது மூலக் காரணம். வடிவமைக்கும்போது இந்த அதிர்வை யாரும் முன்கூட்டிக் கணிக்கவில்லை. கைவழியே வந்த பின்னூட்டத்தையும் உணரிவழியே வந்த பின்னூட்டத்தையும் வளரவிடாமல் தடுக்கும் ஏற்பாடு கட்டுப்பாட்டு மென்பொருளில் இல்லை.

இதோடு இன்னொன்றையும் வாரியம் சொன்னது, எனக்கு மிகவும் உறுத்துவது அதுதான். சோதனைக்காகப் போட்ட அந்த விசேஷ மென்பொருள் நிலைக்கு, சுழற்சி ஆபத்தான அளவுக்கு இறங்கினால் தானாக விலகிக்கொண்டு இரண்டு எஞ்சினின் முழுச் சக்தியையும் திருப்பித் தரும் காவல் இல்லை. சுழற்சி குறைகிறது என்பதற்குத் தெளிவான, வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாத எச்சரிக்கையும் இல்லை. திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் அந்தக் குலுக்கலில் திரையில் எதைப் படிப்பது? இரண்டு எஞ்சினும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் அது. சக்தி கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

கணிக்கப்படாத அதிர்வைச் சோதனைப் பறப்பு கண்டுபிடித்தது என்றால், சோதனைப் பறப்பு அதற்காகத்தான் இருக்கிறது. விலை மிகக் கொடூரம், ஆனால் வகையில் அது எதிர்பாராத ஒன்று. எச்சரிக்கை ஒலியையும் தானியங்கி விலகலையும் வைக்காமல் விட்டதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். எந்த இயற்பியல் புதிரும் அதில் இல்லை.

இனி சந்தேகக்காரர்களிடம் வருவோம். விபத்துக்கு முன்பு ஃப்ளை-பை-வயர் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு பெரும்பாலும், கணினி நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்பதாகவே இருந்தது. அன்று எந்தக் கணினியும் நிற்கவில்லை. மூன்றடுக்காக வைத்த கட்டுப்பாட்டுக் கணினிகள் சொன்னதைச் சொன்னபடி செய்தன, அதுதான் சிக்கலே. மனிதக் கை, சட்டகம், இறக்கை, உணரி, மென்பொருள் ஆகிய ஐந்தும் ஒரு வளையமாகச் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை வெளியிலிருந்து சந்தேகப்பட்டவர்களும் கேட்கவில்லை, உள்ளே இருந்தவர்களும் போதுமான அளவு கேட்கவில்லை.

திருத்தங்கள் கேட்க எளிமையானவை. கலெக்டிவ் பிடியிலிருந்து வரும் வேகமான நடுக்கத்தைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாதபடி வடிகட்டி. உணரி வழியிலும் அதே மாதிரி திருத்தம். சோதனை நிலைக்குக் காவலும் எச்சரிக்கையும். 2017 ஜூலையில் 525 மறுபடி பறந்தது. சரி, ஓராண்டில் பறக்க முடிந்த ஹெலிகாப்டருக்கு அதற்குப் பிறகு ஏழு ஆண்டு ஏன் போதவில்லை?

ஏழு ஆண்டு எங்கே போனது

மென்பொருள் என்பது ஒரு பகுதி. பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு வரியை மாற்றினால், அந்த வரி எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது, எந்தச் சோதனை அதை நிரூபிக்கிறது, வேறு எதையும் அது கெடுக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று சங்கிலி முழுவதையும் மறுபடி காட்ட வேண்டும். வடிகட்டி வைப்பது சில வரிகள்தான், காகிதம் மலையளவு. வடிகட்டி இருந்தால் கட்டளை கொஞ்சம் தாமதமாகப் போகும்; அந்தத் தாமதம் கப்பல் தளத்தில் இறங்கும்போது தொந்தரவா என்று இன்னொரு சுற்றுச் சோதனை.

போயிங் 737 மேக்ஸ் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்ததில் 346 பேர் இறந்தார்கள். அதிலும் மையத்தில் இருந்தது பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். அதன்பின் நிறுவனப் பொறியாளர்களிடம் ஒப்படைத்திருந்த சரிபார்ப்புகளை எஃப்ஏஏ எவ்வளவு தன் கையில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமே கேட்டு, 2020 இறுதியில் சட்டமும் போட்டது. அந்தக் காலத்தில் 'கணினி பறக்கவைக்கும் முதல் வணிக ஹெலிகாப்டர்' என்ற கோப்பை மேசையில் வைத்திருக்கும் அதிகாரி அவசரப்படுவாரா? கொரோனா வேறு வந்து, எஃப்ஏஏ ஆட்கள் நேரில் வந்து பறக்க வேண்டிய சோதனைகளைத் தள்ளிப்போட்டது.

ஆனால் எல்லாவற்றையும் எஃப்ஏஏ தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை. 525 அறிவிக்கப்பட்டபோது கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல். 2016 ஜனவரியில் அது 30 டாலருக்கும் கீழே. எண்ணெய் மேடை ஹெலிகாப்டர் நிறுவனங்களில் சிஎச்சி 2016 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டது. 2019-இல் பிஎச்ஐ, பிரிஸ்டோ. வாங்க வேண்டியவர்கள் கடன்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது, 525-ஐ விரட்டி முடிக்கப் பெல்லுக்கும் அதன் தாய் நிறுவனமான டெக்ஸ்ட்ரானுக்கும் என்ன அவசரம்? ராணுவத்துக்கான வி-280 சாய்-ரோட்டர் அதே காலத்தில் வளர்ந்து, 2022 டிசம்பரில் பெரிய ஒப்பந்தத்தையும் வென்றது. எந்தத் திட்டத்துக்கு நல்ல பொறியாளர்கள் போயிருப்பார்கள் என்பதற்கு என்னிடம் ஆவணம் இல்லை, ஊகம்தான். ஆனால் திட்டம் தாமதமானதற்கும் யாருக்கும் அது உடனடியாகத் தேவைப்படாததற்கும் தொடர்பில்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன்.

சீக்கிரம் கிடைத்த சான்று ஒன்று

தாமதத்தைக் கிண்டல் செய்பவர்கள் சிகோர்ஸ்கியின் எஸ்-92-ஐ ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். அதே பகுதி 29-இன் கீழ் 2002 டிசம்பரில் சான்று பெற்றது. எஞ்சினின் சக்தியை ரோட்டருக்குக் கடத்தும் பிரதான கியர்பாக்ஸில் மசகு எண்ணெய் முழுதும் போனாலும் 30 நிமிடம் ஓட வேண்டும் என்று விதி இருந்தது. அந்த ஆண்டு செய்த சோதனையில் கியர்பாக்ஸ் சுமார் 11 நிமிடத்தில் கைவிட்டது. ஆனால் அதே விதியில் ஒரு வாசல் இருந்தது: அப்படி எண்ணெய் போவதற்கான வாய்ப்பு மிக மிக அரிது என்று காட்டினால் 30 நிமிடம் தேவையில்லை. அந்த வாசல் வழியாகச் சான்று கிடைத்தது.

2008-இல் ஆஸ்திரேலியாவில் ஓர் எஸ்-92-இல் எண்ணெய் வடிகட்டிக் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் டைட்டானிய ஆணி உடைந்து எண்ணெய் போனது. எப்படியோ இறங்கிவிட்டார்கள். 2009 மார்ச் 12 அன்று கனடாவின் செயின்ட் ஜான்ஸிலிருந்து எண்ணெய் மேடைக்குப் போன கூகர் 491 என்ற எஸ்-92 பறப்பில் அதே ஆணி உடைந்தது. எண்ணெய் அழுத்தம் போன பத்துப் பதினோரு நிமிடத்தில் அட்லாண்டிக்கில் விழுந்தது. 18 பேரில் 17 பேர் இறந்தார்கள். 30 நிமிடம் இருக்கிறது என்ற நினைப்பு அந்தத் தொழிலில் பரவலாக இருந்தது. அந்த 30 நிமிடம் எந்தச் சோதனையிலும் நிரூபணமானதல்ல.

525-இன் குறை சான்றுக்கு முன்பு, சோதனை விமானிகள் இருவரோடு வெளிப்பட்டது. எஸ்-92-இன் குறை சான்றுக்குப் பிறகு, வேலைக்குப் போன பயணிகளோடு. இரண்டில் எது மேல் என்று எழுத மனம் வரவில்லை. ஆனால் 'மிக மிக அரிது' என்ற சொல்லை ஏற்க எஃப்ஏஏ இன்று ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எதைப் பார்க்க வேண்டும்

கண்காட்சி மேடையில் சொல்லும் தேதியை நான் பொருட்படுத்துவதில்லை. எஃப்ஏஏ விமானிகள் தாங்களே ஏறிப் பறக்கும் கட்டத்தில் எவ்வளவு முடிந்திருக்கிறது, சிறப்பு நிபந்தனைகளில் எது இன்னும் திறந்து கிடக்கிறது, மென்பொருளின் இறுதிப் பதிப்பு பூட்டப்பட்டுவிட்டதா என்றுதான் கேட்பேன். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் இன்னும் ஓராண்டைக் கூட்டிக்கொள்ளலாம்.

2024 ஹெலி-எக்ஸ்போவில் நார்வேயின் எண்ணெய் நிறுவனமான எக்குவினோர் 10 ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் போட்டது. விருப்பக் கடிதங்களை மட்டும் வைத்து ஓடிக்கொண்டிருந்த திட்டத்துக்கு இது கனமான வாடிக்கையாளர். முதல் ஹெலிகாப்டர் 2026-இல் கைக்கு வரும் என்றார்கள். அது நடக்க எஃப்ஏஏ சான்று மட்டும் போதாது. நார்வே ஐரோப்பிய முகமையின் வளையத்துக்குள் இருக்கும் நாடு. அந்த முகமை அமெரிக்கச் சான்றைத் தனியாகச் சரிபார்த்து ஏற்க வேண்டும், ஃப்ளை-பை-வயர் போன்ற புதுமையில் முத்திரை குத்திவிட்டு நகராது. எக்குவினோர் கேட்பதில் கடல் மீட்புப் பணியும் அடக்கம் என்பதால், இருட்டில் அலைக்கு மேல் தானாக நிலைத்து நிற்கும் வசதி, மீட்புக் கயிற்றுப் பொறி எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வேண்டும். வடகடல் குளிரில் இறக்கையில் பனி படிந்தால் என்ன என்பது அடுத்த தலைப்பு.